பாதகமில்லாத பிழை

அண்ணனுக்கு,

எழுதுபவன் எல்வுட் கிரேசன், ஒஹாயோ மாநில அரசுத் தரப்பு வழக்கறிஞன். நேற்று நன்றித் திருநாள் விருந்தில் நீ அடித்த தம்பட்டத்துக்குப் பதில் சொல்வதே நோக்கம்.

கைதான மார்லனைப் போலீஸ் அதிகாரியாக நீ விசாரித்தபோது, காசில்லாதவனுக்கு அரசே வக்கீல் தரும் என்று சட்டப்படி வாசித்தாக வேண்டிய எச்சரிக்கை வரியை வாசிக்கவில்லை. அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். மறதியில் விட்டுப்போனது என்று நீ சத்தியம் செய்தாய். மேல்முறையீட்டில் நானும் அதையே வாதிட்டேன். தீர்ப்பை மாற்றாத, பாதகமில்லாத பிழை என்று நீதிமன்றம் ஒதுக்கியது. இருபதாண்டுச் சிறை உறுதியானது.

வாட்டிய வான்கோழியைத் துண்டுபோட்டபடி நீ சிரித்தாய்: "வேணும்னுதாண்டா விட்டேன். ஓசில வக்கீல் கெடைக்கும்னா எவன் வாயத் தொறப்பான்? கோர்ட்டே பாதகமில்லன்னுடுச்சு, உனக்கென்னடா எரியுது, வக்கீல் தம்பி?"

சட்டையில் சிந்திய குழம்புக்கு நீ இதைவிட அதிகம் வருந்தினாய்.

மறுபரிசீலனைக் கெடு முடியுமுன், திங்கட்கிழமை காலை, நீ சொன்னதை நீதிபதிகளுக்கு எழுத்தில் தெரிவிப்பேன். கேட்ட சாட்சியாக என் பெயரையே எழுதுவேன்.

உன் தம்பி