பீடத்துணியில் வாய் துடைத்தவனுக்கு

தம்பி,

சோறு மூடி வெச்சிருக்கேன், தொண்டையில எறங்கினா சாப்பிடு. சாவி பூட்டுலயே தொங்குது.

நேத்து குடிச்சுட்டு வந்து ஹால் முழுக்க வாந்தி எடுத்தே. அது பழகிப்போச்சு. ஆனா வாயைத் துடைக்க, கோயில்ல பூசைக்கு விரிக்க நான் துவைச்சு இஸ்திரி போட்டு வெச்ச பீடத்துணிதானாடா கிடைச்சுது? சீ! எவ்வளவு சோப்பு போட்டும் மஞ்சக் கறை போகல. கையை மோந்தா இன்னும் குமட்டுது.

"என் பலவீனம் ஆண்டவருக்குத் தெரியும்க்கா"ன்னு உளறினே. தெரியும்டா. வாந்தி அள்ளின வாளியை யார் கழுவுறாங்கன்னும் அவருக்குத் தெரியும்.

துணியை வாங்க ஃபாதர் வருவார். நீயே கொடு, நீயே சொல்லு. நான் டியூட்டிக்குப் போறேன்.

அக்கா

பி.கு.: மனசு கேக்கல, ஃபாதருக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேன். "சனங்க கண்ணுல படாம கறை என் பக்கம் வர்ற மாதிரி விரிச்சுக்கிறேன்மா. நான் வரல, துணியை அவனையே எடுத்துட்டு வரச் சொல்லு"ன்னார். எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்ல.

உன் வெள்ளைச் சட்டையை அலசிக் காயப்போட்டிருக்கேன், போட்டுக்கிட்டுப் போ. மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் அலசினேன். ஆண்டவரும் நம்மளை அப்படித்தான் மன்னிக்கிறார்போல.