நான்கு மடங்கு ஆட்டம்

ஆனேக்கல்,
03.06.2025

அன்புள்ள மௌரீனுக்கு,

போனில் என் எண்ணை நீ தடுத்து வைத்திருப்பதால் கடிதம். ஆஞ்சலா எப்படி இருக்கிறாள்?

உன் வீட்டை ஒட்டிய மேம்பாலத்தை இப்போது நான்தான் அளக்கிறேன். எதிரே கேமராவை நிறுத்தி, லாரி போகும்போது பாலம் எத்தனை மில்லிமீட்டர் ஆடுகிறது என்று படத்தை வைத்தே கணக்கிடுவோம். எல்லாப் பாலமும் கொஞ்சம் ஆடும். இது அதைப்போல நான்கு மடங்கு ஆடுகிறது. மேலதிகாரி மறுபடி அளக்கச் சொல்லியிருக்கிறார். பிள்ளையின் பள்ளி வேன் அதன்மேல்தானே போகிறது? ஒரு வாரம் இங்கே வந்து இருங்களேன்.

உன்
சில்வெஸ்டர்

பிரேசர் டவுன்,
06.06.2025

ஆஞ்சலாவின் அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். போன வருடம் குடிநீரில் விஷம் என்றீர்கள், அதற்கு முன்னால் லிஃப்ட் அறுந்து விழும் என்றீர்கள். எல்லாப் பயத்துக்கும் மருந்து ஆனேக்கல்தானா? புலி வருது கதை போதும்.

ஆனாலும் பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. வேனை நிறுத்திவிட்டு ஆட்டோவில் சுற்றுவழியாக அனுப்புகிறேன். "மம்மி, டாடி சொன்னா நெஜமாத்தான் இருக்குமா?" என்று கேட்கிறாள்.

மௌரீன்

உன் தெருமுனை,
09.06.2025, காலை 10 மணி

மௌரீன்,

என்னைக் கண்டால் கதவைச் சாத்துவாய். அதனால் கீழ்வீட்டு அன்னம்மாள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பாலத்துக்கு ஒன்றுமில்லை. தப்பு என்னுடையது. கேமராவும் லேசாக ஆடும் என்பதால், அசையாத ஒன்றையும் சேர்த்துப் படம்பிடித்து, அதோடு ஒப்பிட்டுப் பாலத்தை அளப்பது எங்கள் வழக்கம். நான் உன் வீட்டு மாடிச் சுவரை எடுத்துக்கொண்டேன். நாம் குடியிருந்த வீட்டுச் சுவராயிற்றே, அது எங்கே அசையப் போகிறது என்று நினைத்துவிட்டேன். இன்று மாதா கோயில் சுவரை வைத்து அளந்தேன். அளவுக்கு மீறி ஆடுவது பாலமில்லை, உன் சுவர். பக்கத்து மனையில் ஆழமாகத் தோண்டுகிறார்களே, அதனால் இருக்கலாம்.

உன் காலில் விழுகிறேன், பிள்ளையைப் பள்ளியிலிருந்து நேரே வேறெங்காவது கூட்டிப்போ. அன்னம்மாளையும் கிளப்பு. ஆனேக்கல் வரவேண்டாம். எங்கே போகிறாய் என்று எனக்குச் சொல்லவும் வேண்டாம்.

சில்வெஸ்டர்

அல்சூர்,
12.06.2025

அன்புள்ள உங்களுக்கு,

குளோரியா அக்கா வீட்டிலிருந்து எழுதுகிறேன். அன்னம்மாளும் இங்கேதான் இருக்கிறார். நேற்று மழையில் மாடிச் சுவர் உள்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. தெருவில் நின்று பார்த்தேன். ஆஞ்சலாவின் கட்டில் முழுக்கச் செங்கல்.

நீங்கள் எழுதிய அளவும் ஆட்டமும் எனக்குப் புரியவில்லை. "தப்பு என்னுடையது" என்று எழுதியிருந்தீர்கள். கல்யாணமான பன்னிரண்டு வருடத்தில் அந்த வார்த்தை உங்களிடமிருந்து வந்ததே இல்லை. அதைப் படித்ததும்தான் பயந்தேன். அடுப்பை அணைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடினேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் வந்து பிள்ளையைப் பாருங்கள். எனக்காக வரவேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

மௌரீன்