படிக்காமல் கேட்ட திருத்தம்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா? நான் நலம், சாப்பாட்டுக்கும் குறைவில்லை.

போன மாதம் அரசியலமைப்புத் திருத்தம் பற்றிப் பேச்சு வந்தபோது, "முதல்ல அதைப் படிச்சுட்டு வாடா" என்றீர்கள். "நீங்க பழைய பஞ்சாங்கம்ப்பா" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். அதற்குப் பிறகு உங்களிடம் பேச முகமில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

இங்கே நான் வேலை செய்யும் சலவைக்கூடத்திலும் நம் நாட்டு ஆட்களிடம் திருத்தத்துக்காகத் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தேன். நேற்று இஸ்திரி போடும் அண்ணன் கேட்டார்: "வேணும் வேணும்னு குதிக்கிறியே, எதைப்பா திருத்துறாங்க?"

"எல்லாத்தையும்தான்!" என்றேன்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். திருத்தப்போவது ஒரே ஒரு பிரிவைத்தானாம். ஒருவர் இரண்டு முறைக்கு மேல் நாட்டின் தலைவராக முடியாது என்பதை எடுத்துவிடப்போகிறார்கள். இதைச் சொல்லும் நம் தூதரக அறிவிப்பு இரண்டு வாரமாகக் குடிதண்ணீர்க் குழாய்க்கு மேலேயே ஒட்டியிருக்கிறது. தினமும் அதன் கீழே குனிந்து தண்ணீர் பிடித்தவன் நான்.

நீங்கள் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கும் அரசியலமைப்புப் புத்தகத்தை அனுப்புங்கள். கூடவே சட்டைப் பொத்தான் நாலு. முகவரியை மட்டும் அம்மாவை எழுதச் சொல்லுங்கள். அவள் கையெழுத்தைப் பார்த்து நாளாயிற்று.

வேலைக்குப் போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. படித்த பிறகும் நான் திருத்தம் வேண்டும் என்றே சொல்லலாம், அப்பா. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திட்டுங்கள். போனை நான் முதலில் வைக்க மாட்டேன்.

உங்கள் மகன்