மூன்று வருஷத்துக்குப் போதாது

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். நான் நலம் என்றால் உனக்கு நம்பிக்கை வராது, தெரியும், ஆனாலும் நலம்தான், நேற்று நானே மொட்டைமாடிக்கு ஏறித் துணி காயப்போட்டேன், உன் அப்பா விழுந்தால் பிடிப்பதற்கென்று காலி வாளியோடு பின்னாலேயே வந்தார். நீ, மருமகள், குட்டி எல்லோரும் சௌக்கியம்தானே? குட்டியின் இருமல் நின்றதா? சும்மா மருந்து மருந்தென்று ஊற்றாமல் ராத்திரி அந்த ஏசியை முதலில் நிறுத்துங்கள்.

போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன். என் கம்ப்யூட்டர் தயார். நீ சொன்ன பிராசசரை நான் வாங்கவில்லை. கோபித்துக்கொள்வதென்றால் இப்போதே கோபித்துக்கொண்டு, மீதியை அப்புறம் படி.

பழைய பெட்டி படுத்தின பாடு உனக்குத் தெரியும். பள்ளிக்கூட ஆண்டு விழா வீடியோவை எடிட் பண்ணி முடித்து, ஃபைலாக மாற்றப் போட்டால் பாதியில் அப்படியே உறைந்து நின்றுவிடும். சிகிச்சைக்குப் போய் வந்த மாதங்களில்கூட ஒரு வேலையையும் நான் திருப்பி அனுப்பவில்லை, இந்தப் பெட்டியால் இரண்டு பேருக்கு இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. நீ லேப்டாப் வாங்கு, படுத்துக்கொண்டே பார்க்கலாம் என்றாய். படுத்துக்கொண்டு எடிட் பண்ண நான் என்ன மகாராணியா? பாகம் பாகமாக வாங்கி நானே சேர்ப்பேன் என்றேன். சரி என்று ஒரு பிராசசர் பெயரை அனுப்பினாய். நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அது உட்காரும் போர்டு பழைய ரகம், அதற்குப் புதிதாக ஒரு பிராசசரும் இனி வராது என்று கடைக்காரர் சொன்னார். இன்னொன்று இருந்தது, வேகத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் அதன் போர்டில் இனிமேல் வரப்போகிற பிராசசர்களும் உட்காருமாம். நாளைக்கு வேகம் போதாவிட்டால் இதைக் கழற்றி அதை மாட்டினால் போதும். இதைத்தான் உன்னிடம் போனில் சொன்னேன். நீ என்ன சொன்னாய்? அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா, மூணு வருஷத்துக்கு இது தாராளம் என்றாய்.

அந்த மூணு எங்கிருந்து வந்தது என்று நினைத்தேன். உன் அப்பா அப்போது சுவரில் என்னமோ இருப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டால் ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை. அவருக்குப் பொய் சொல்ல வராது, உனக்குத் தெரியாதா, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து விசும்பி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். எனக்கு மூணு வருஷம்தான் என்று டாக்டர் உங்கள் இரண்டு பேரையும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார், நீங்களும் என்னிடம் மூச்சு விடாமல் இருந்திருக்கிறீர்கள். உடம்பு என்னுடையது, அதைப் பற்றிய பேச்சில் நான் மட்டும் இல்லையா? நான் தனியாகப் போய் டாக்டரம்மாவிடம் நேருக்கு நேர் கேட்டேன். பொதுவா அவ்வளவுதாம்மா, சிலருக்கு அதுக்கு மேலயும் போகும் என்றார். அப்படியென்றால் அந்தச் சிலரில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். வெளியே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன், அதை மறைக்க மாட்டேன், பக்கத்தில் இருந்த பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிற அளவுக்கு அழுதேன். அழுது முடித்து, மூக்கைச் சிந்திக்கொண்டு, நேராகக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். புது ரகப் போர்டைக் கொடுங்கள் என்றேன்.

சேர்த்த கதையைக் கேள். பிராசசரைப் போர்டில் வைத்து, அதைப் பிடித்துக்கொள்கிற கம்பியை அழுத்தினால் நறநறவென்று ஒரு சத்தம், உன் அப்பா உடைச்சிட்டியா என்று கண்ணை மூடிக்கொண்டார். அது அப்படித்தான் கத்துமாம். சூடு இறங்குவதற்காக அதன் மேலே பூசுகிற பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வையுங்கள் என்றால் மனிதர் பல் தேய்க்கிற மாதிரி பிதுக்கிவிட்டார், துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். முதலில் ஸ்விட்சைப் போட்டபோது திரை வரவில்லை. பார்த்தால் மெமரி ஒரு பக்கம் சரியாக உட்காரவில்லை. அழுத்தினேன், வந்துவிட்டது. அந்த ஆண்டு விழா முழுவதையும் ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் ஃபைலாக மாற்றித் தள்ளிவிட்டது, நிற்கவேயில்லை.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத மாட்டேன், இருக்கிறது. பயத்தில்தான் மறைத்தாய், அதுவும் தெரியும். ஆனால் என்னைக் கணக்குப் போட்டு எனக்குப் பொருள் வாங்காதே. இனி டாக்டர் எதைச் சொன்னாலும் முதலில் என் காதுக்கு வர வேண்டும், அப்பாவிடமும் இதைச் சொல்லியாயிற்று.

மருமகளுக்கும் குட்டிக்கும் என் ஆசிகள், நீங்கள் எல்லோரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. இன்னொன்று, இந்தப் போர்டில் அடுத்து மாட்ட வேண்டிய பிராசசரை இன்னும் ஒருவரும் செய்யவில்லையாம். வந்ததும் முதல் ஆளாக எனக்குச் சொல்ல வேண்டும் என்று கடைக்காரரிடம் நம்பர் கொடுத்திருக்கிறேன். அதை மாட்டுவதற்கு நீ இங்கே வர வேண்டும், இப்போதிருந்தே லீவு சேர்த்து வை.

இப்படிக்கு,
எங்கும் போவதாக இல்லாத
உன் அம்மா