இரண்டாவது சாவி

மஸ்கட்

அன்புள்ள சௌம்யாவுக்கு,

நலம்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

வேங்கிக்காலில் மரம் விழுந்து நசுங்கிய நம் காருக்கு இன்சூரன்ஸ் பணம் தர, இரண்டு சாவியையும் கேட்கிறார்கள் என்றாயே. ஒன்றை இங்கே என் கட்டிலுக்கு மேலே ஆணியில் மாட்டி வைத்திருந்தேன்.

"காருக்காக மூணு நாளா அழுதுட்டே இருக்காடா" என்றார் அம்மா போனில். நான் விமானம் ஏறிய அன்று நீ சிரித்துக்கொண்டே கையசைத்தாய். அந்தத் தகர டப்பா மேல் எனக்கு வயிற்றெரிச்சல்தான். தினமும் உன்னைக் கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூட வேலைக்குக் கூட்டிப்போனது அதுதானே, நானா?

ஊருக்கு வரும் நண்பன் அன்பரசனிடம் சாவியைக் கொடுத்துவிட்டேன். வேலைக்குப் போகும் வேன் ஹாரன் அடிக்கிறது. அன்பரசன் திரும்பும்போது ஊறுகாயெல்லாம் வேண்டாம். நம் வீட்டுச் சாவி ஒன்று கொடுத்தனுப்பு. ஆணி காலியாக இருக்கிறது.

உன்
தன்யகுமார்