பக்கத்தின் அடியில் இருந்த பெயர்

சிலாவத்தை,
முல்லைத்தீவு.
09.02.2025

அன்பு மருமகன் அனிஸ்ரனுக்கு,

நானும் மாமியும் சுகம். உங்கள் முழங்கை நோ குறைந்திருக்கும் என்று நம்புகிறோம். இங்கே மாரி மழை போக மனமில்லாமல் நிற்கிறது. அறுவடைக்கு நின்ற நெல்லில் பாதி படுத்துவிட்டது.

நீங்கள் புதிதாகச் செய்து அனுப்பிய இணையத்தளத்தை மூன்று நாள் இருந்து பார்த்தேன். குறைகளைச் சொல்கிறேன், கோபிக்கக் கூடாது.

முகப்பில் மாமி இறால் உடைக்கிற படத்தை எடுத்துவிட்டுச் சூரியன் மறைகிற படம் போட்டிருக்கிறீர்கள். சூரியன் எல்லா ஊரிலும் மறைகிறது. இறாலைப் பற்றி நான் எழுதிய பதினெட்டுக் கட்டுரையும் ‘கடல்’ என்ற தலைப்பில் கிடக்கின்றன. அது களப்பு இறால், கடலோரத்து உப்பேரியில் பிடிப்பது. பள்ளிக்கூடப் பிள்ளையும் சிரிக்கும். பழைய பச்சை நிறம் போய், பக்கம் முழுக்க ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி வெள்ளை.

மாமி எட்டிப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு விசரேப்பா? வடிவாத்தானே இருக்கு. நான் கண்ணாடி இல்லாமல் வாசிக்கிறன்” என்றாள். எழுத்துப் பெரிதாக இருப்பது உண்மைதான். அதற்கு நன்றி.

கடைசிக் குறைதான் பெரியது. 2012இல் இருந்து ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘இத்தளத்தைச் செய்தவர் என் மருமகன் அனிஸ்ரன்’ என்று இருந்தது. புதியதில் அந்த வரியைக் காணவில்லை. தவறிப் போயிருக்கும். போட்டுவிடுங்கள்.

இந்தக் கிழமைக் கட்டுரையை இணைத்திருக்கிறேன். வெள்ளரித் தோட்டத்துக்குள் பன்றி வந்த விஷயம்.

அன்புடன் மாமா,
சூ. மரியநேசன்


ஒஸ்லோ,
13.02.2025

அன்பின் மாமாவுக்கு,

உங்கள் மின்னஞ்சல் கண்டேன். மாமியின் படம் மறுபடி முகப்புக்கு வந்துவிட்டது. சூரியனை உள்ளே தள்ளிவிட்டேன். களப்புக்குத் தனித் தலைப்பு வைத்து, பதினெட்டுக் கட்டுரையையும் அங்கே மாற்றியாயிற்று. வெள்ளை நிறம் மட்டும் இருக்கட்டும். இப்போது பெரும்பாலானோர் கைபேசியில்தான் வாசிக்கிறார்கள், பச்சையில் எழுத்துத் தெரியாது.

அடியில் இருந்த வரி தவறிப் போகவில்லை. இப்போது தளங்களில் செய்தவரின் பெயரைப் போடுகிற வழக்கம் இல்லை, மாமா. அது உங்கள் தளம். உங்கள் பெயர் போதும்.

முழங்கை சுகம். மாமியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அனிஸ்ரன்


சிலாவத்தை,
16.02.2025

அன்பு மருமகன் அனிஸ்ரனுக்கு,

வழக்கத்தை எனக்குச் சொல்ல வேண்டாம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஐம்பத்தெட்டு வயதில், யாரும் சொல்லித்தராமல், தட்டச்சுப் பழகினேன். அப்போதும் ஊரில் வழக்கம் இல்லை என்றுதான் சொன்னார்கள்.

நான் மழையும் வலையும் வயலும் குறித்துவைத்த கொப்பியைக் கலியாணம் முடித்து வந்த வருடம் நீங்கள் கையிலெடுத்தீர்கள். சாப்பிடக் கூப்பிட்டும் எழும்பாமல் கடைசித் தாள் வரை வாசித்துவிட்டு, “மாமா, இதை ஊருலகம் வாசிக்க வேணும்” என்றீர்கள். என் எழுத்தை முழுதாக வாசித்த முதல் ஆள் நீங்கள். என் சொந்த மகளே வாசித்ததில்லை.

நீங்களும் றஞ்சனியும் பிரிந்து ஆறு வருடமாகிறது. யார் பிழை என்று உங்களிடம் கேட்கவில்லை, அவளிடமும் கேட்கவில்லை. 2019இல் அந்தச் செய்தி வந்த கிழமையும் வழமை போலக் கட்டுரையை அனுப்பிவிட்டு, “இனி இது ஏறாது” என்று மாமியிடம் சொன்னேன். ஞாயிறு பூசை முடிந்து வந்து பார்த்தேன். ஏறியிருந்தது. ஓர் எழுத்துப் பிழையைக்கூடத் திருத்தியிருந்தீர்கள். கணினிக்கு முன்னால் கதிரையில் இருந்தபடி அழுதேன்.

அதற்கு உங்களுக்கு நன்றி எழுதவில்லை. எழுதினால், இனி நீங்கள் பிறத்தி ஆள் என்று நானே ஒப்புக்கொண்டது போலாகும். அந்த ஒரு வரியைத்தான் நன்றியாக வைத்திருந்தேன். அதை நீக்க உங்களுக்கு உரிமை இல்லை.

வரி வராவிட்டால் புதிய தளம் வேண்டாம். பழையதே கிடக்கட்டும்.

மாமா,
சூ. மரியநேசன்


ஒஸ்லோ,
20.02.2025

அன்பின் மாமாவுக்கு,

வழக்கம் என்று சொன்னது பொய். மன்னித்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் 24ஆம் திகதி எனக்குப் பதிவுத் திருமணம். அவருடைய பெயர் சுரேகா. சொந்த இடம் வவுனியா, செட்டிகுளம். இங்கே தாதியாக வேலை செய்கிறார். வேலைக்குப் போய்வரும் ரயிலில் உங்கள் தளத்தை ஒரு மாதமாக வாசித்தார். மாமி மாட்டைத் தேடிப் போய், மாடு வீட்டுக்கு வந்த பிறகும் வராமல் இருந்த கட்டுரைக்கு ரயில் என்றும் பாராமல் சிரித்தாராம். ஒருநாள் பக்கத்தின் அடியைக் காட்டி, “இந்த மருமகன் நீங்கள்தானே?” என்று கேட்டார். அவ்வளவுதான். கோபமில்லை. ஆனாலும் அன்றே புதிய தளத்தில் அந்த வரியை எடுத்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய தளத்தில் நான் இல்லாமல் நீங்கள் ஒரு கட்டுரையும் போட முடியாது. புதியதை நீங்களே நடத்தலாம். அதற்காகத்தான் செய்தேன். உங்களை நிர்வாகியாக்கிவிட்டு என் கணக்கை நீக்கிவிட்டேன். கடவுச்சொல்லும் செய்முறையும் இணைப்பில் இருக்கின்றன. இனி எந்த உறவைச் சொல்லி அதற்குள் வந்து போவது?

எனக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா போய்விட்டார். பதின்மூன்று வருடம், கிழமைக்கு ஒரு கடிதம் எனக்கு வந்துகொண்டிருந்தது. வாசகர்கள் அதைக் கட்டுரை என்று நினைத்தார்கள். அதற்கு நான் எப்படி நன்றி சொல்வேன், மாமா.

அனிஸ்ரன்


சிலாவத்தை,
06.04.2025

அன்பு அனிஸ்ரனுக்கு,

ஆறு கிழமையாக எழுதவில்லை. கோபத்தில்தான்.

தளத்திலும் ஒன்றும் ஏறவில்லை. பக்கத்து வீட்டுத் தில்லைநாதன் சந்தையில் நாலு பேருக்கு முன்னால், “என்ன மரியநேசண்ணை, கொம்பியூட்டரும் வலை மாதிரிக் கிழிஞ்சு போச்சோ?” என்று கேட்டான். தபசுகாலத்தில் ஒருவரோடும் கோபம் வைத்திருக்கக் கூடாது என்று பங்குத்தந்தை பிரசங்கத்தில் சொன்னார். பொதுவாகத்தான் சொன்னார். ஆனால் மாமி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

றஞ்சனியோடு தொலைபேசியில் கதைத்தேன். உங்கள் கலியாண விஷயத்தை எப்படிச் சொல்வது என்று நான் இழுக்க, அவள் சொன்னாள்: “அப்பா, எனக்கு முதலே தெரியும். வாழ்த்தும் சொல்லிப்போட்டன். நாங்கள் ரெண்டு பேரும் பிரிஞ்சு ஆறு வருசம். நீங்கள் ஒராள்தான் இன்னும் அவரோட பிரியாமல் நிக்கிறியள்.”

அவள் சொன்னது சரி. ஆனால் நானும் பிரிய வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் தீர்க்கவில்லை.

போன கிழமை உங்கள் செய்முறையைத் திறந்து நானே பழகினேன். முதற் கட்டுரை மூன்று தரம் ஏறிவிட்டது. படத்தில் தோணி செங்குத்தாக நிற்கிறது. திருத்த வழி தெரியவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன். வெள்ளை நிறம் பழகிவிட்டது. வடிவாகத்தான் செய்திருக்கிறீர்கள். இதை முதற் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

மே 24 காலையில் உங்கள் இருவருக்காகவும் பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். பங்குத்தந்தைக்கு முழு விபரமும் சொல்லவில்லை. மாமி மணப்பெண்ணுக்கு ஒரு சேலை வாங்கி வைத்திருக்கிறாள். நிறத்தைப் பற்றி என்னை எழுதவிடவில்லை.

பக்கத்தின் அடியில் இப்போது இப்படி இருக்கிறது: ‘இத்தளத்தைச் செய்தவர் அனிஸ்ரன். பதின்மூன்று வருடம் ஒரு ஞாயிறும் தவறவிடாதவர்.’ மருமகன் என்ற சொல்லை எடுத்துவிட்டேன். அது இனிச் சுரேகாவின் தகப்பனாருக்கு உரியது.

உங்களுக்கு ஒன்றும் சுரேகாவுக்கு ஒன்றுமாக இரண்டு கணக்குத் திறந்திருக்கிறேன். செட்டிகுளத்து வயலைப் பற்றி எங்கள் தளத்தில் ஒன்றுமே இல்லை, அவர் எழுதட்டும். நீங்களும் எழுதலாம், படம் போடலாம், என் பிழைகளைத் திருத்தலாம். அடியில் உள்ள வரியை மட்டும் நிர்வாகியைத் தவிர வேறு யாரும் தொட முடியாது. பார்த்துத்தான் வைத்தேன்.

நிர்வாகி நான்.

சூ. மரியநேசன்