பிப்ரவரி பன்னிரண்டாம் தேதிக் கையெழுத்து

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஏழு லிஃப்ட். ஒன்றில் விளக்கு எரியவில்லை, இன்னொன்றில் கதவு பாதியில் நின்று யோசிக்கிறது. இந்த வேலையில் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது, இன்னும் "மெக்கானிக் எப்பம்மா வருவாரு?" என்றுதான் கேட்கிறார்கள். மெக்கானிக் என் தம்பி, அவன் பார்த்த வேலையைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவள் நான் என்றேன். அந்தப் பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் படியில் போனார். உடம்புக்கு நல்லதுதான்.

ஆபீசில் எனக்குப் பெயர் 'அல்லேலூயாக்கா'. வைத்தது தம்பி. சபைப் பாட்டுக்குழுவில் என் பக்கத்தில் நின்று பாடுகிறவன்!

மார்ச் 5, வியாழன்

நாங்கள் பராமரிக்கும் ஓர் ஐந்து மாடிக் கட்டடத்து லிஃப்ட் நாலாவது மாடியிலிருந்து சறுக்கி, இரண்டாவது தாண்டித்தான் நின்றதாம். உள்ளே ஐந்தாவது மாடித் தையல்காரம்மா மட்டும். இடுப்பெலும்பும் வலது காலும் முறிந்துவிட்டன. நான் போனபோது தைத்த ரவிக்கைகள் லிஃப்ட் தரையில் சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு குத்தியிருந்தது.

பிரேக்கைப் பார்த்தேன். கட்டை தேய்ந்து இரும்பு தெரிகிறது. இது ஒரு மாதத்தில் தேய்ந்ததில்லை. போன மாதம் இதை யார் சோதித்தது?

மார்ச் 6, வெள்ளி

நானாம்.

மேனேஜர் படிவத்தை மேசையில் வைத்தார். பிப்ரவரி 12, பிரேக் நன்று, கீழே என் கையெழுத்து. கடைசி எழுத்தின் சுழி வரை என்னுடையதே. ஒரு நிமிடம் நானே நம்பிவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது, அன்று முழுவதும் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

"இது நான் போட்டதில்லை சார்."

"தெரியும். லீவு ரெஜிஸ்டர்ல அரை நாள்னு மாத்திட்டேன். நீங்க 'ஆமா'ன்னு மட்டும் சொல்லுங்க."

விபத்துக்கு முந்தின நாள் கட்டட வாட்ச்மேன் அளவுக்கு மீறிச் சாமான் ஏற்றினார், அதில்தான் கெட்டது என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டதாம். வாட்ச்மேனைப் போலீஸ் கூட்டிப் போயிருக்கிறது. அவர் ஏற்றியது ஒரு நாற்காலி!

"பொய்ச்சாட்சி சொல்ல என் வேதம் இடம் கொடுக்காது சார்" என்றேன்.

"வேதத்தை வீட்ல வச்சுட்டு வாங்கம்மா. இது ஆபீஸ்."

என் சுழியை இவ்வளவு சரியாக யாருக்குப் போட வரும்? விடை தெரிந்த கேள்வி. பதிலை எழுதப் பேனா ஓடவில்லை.

மார்ச் 7, சனி

தம்பிதான். கேட்ட உடனே ஒத்துக்கொண்டான், அதுதான் இன்னும் அதிர்ச்சி. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் அட்டையில் அப்பா கையெழுத்தைத் தானே போட்டவன், இப்போது என்னுடையதைப் போட்டிருக்கிறான்.

"ஒரு ஆளுக்குப் பதினாறு லிஃப்ட்க்கா. அன்னைக்கு மேல மெஷின் ரூமுக்கு ஏறவே இல்ல. நீயும் லீவு, அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு உன் கையெழுத்தப் போட்டு விட்டுட்டேன்." அழுதான். பிறகு, "மன்னிக்கறதுதானேக்கா நம்ம வேதம்?"

"மன்னிச்சுட்டேன்டா. அதுக்காகப் பொய் சொல்ல மாட்டேன். அது வேற, இது வேற."

சொல்லிவிட்டேன். உண்மையிலேயே மன்னித்துவிட்டேனா?

மார்ச் 8, ஞாயிறு

ஆராதனைக்கு அவன் வரவில்லை. நான் வாயை மட்டும் அசைத்தேன். பாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜெபம் செய்து அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர், "உண்மையச் சொல்லும்மா. ஆனா அவன்கிட்ட முதல்ல சொல்லிட்டு அப்புறம் சொல்லு. முதுகுக்குப் பின்னாடி வேண்டாம்" என்றார்.

அம்மா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். "கூடப்பிறந்தவன ஜெயிலுக்கு அனுப்பிட்டு நீ எந்த வாயால ஸ்தோத்திரம் சொல்லுவ?"

தட்டை எடுத்து மூடி வைத்தேன்.

மார்ச் 9, திங்கள்

தம்பி வீட்டு வாசலிலேயே சொன்னேன். "புதன்கிழமை விசாரணை. கேட்டா உள்ளதச் சொல்லுவேன். நீயே முந்திச் சொல்லிடுடா, நான் பக்கத்துல நிக்கறேன். எது வந்தாலும் உன் வீட்ட நான் பாத்துக்கறேன்." கதவைச் சாத்திவிட்டான்.

மார்ச் 11, புதன்

அடப்பாவி. அடப்பாவி!

விசாரணைக்கு வந்த அரசாங்க அதிகாரி கேட்டார், உள்ளதைச் சொன்னேன். பிறகு அவனைக் கூப்பிட்டார்கள். என் முகத்தைப் பார்க்காமல், "அக்காதான் போட்டாங்க சார். நான் பாத்தேன். இப்ப பயந்துகிட்டு மாத்திப் பேசறாங்க" என்றான். என் காதுதான் தப்பாகக் கேட்கிறது என்று நினைத்தேன். தூக்கி வளர்த்தேனே. செருப்பு மாட்டத் தெரியாத வயதில் என் கையைப் பிடித்து நடந்தவனாச்சே. மேனேஜர் ரெஜிஸ்டரை நீட்டினார்: அரை நாள். முடிந்தது கதை. என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் செருப்பைக் கழற்றிவிட்டார்.

மார்ச் 12, வியாழன்

ஜெபிக்க உட்கார்ந்தால் திட்டத்தான் வருகிறது.

மார்ச் 14, சனி

மத்தியானம் தம்பி பெண்டாட்டி போன் செய்தாள். "அண்ணி, உங்ககிட்டக் கேக்கவே எனக்கு மூஞ்சி இல்ல. பாப்பாவுக்குக் காய்ச்சல் கொதிக்குது. இவரு காலைல போனவரு போனையும் எடுக்க மாட்டேங்கறாரு."

"போறியா?" என்றார் வீட்டுக்காரர்.

"அவன் பண்ணதுக்குப் பாப்பா என்ன பண்ணுவா?"

பெரிய தியாகம் ஒன்றுமில்லை. போகிற வழி முழுக்க அவனைத் திட்டிக்கொண்டேதான் போனேன். டாக்டரிடம் காட்டி, மருந்து வாங்கி, ஈரத்துணி போட்டு, சாயங்காலம் வரை இருந்தேன். கிளம்பும்போது அவன் வந்தான். வாசலில் என் செருப்பைப் பார்த்துவிட்டு உள்ளே வராமல் நின்றான். "நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மருந்து" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அதற்கு மேல் பேசினால் அடித்திருப்பேன்.

மார்ச் 17, செவ்வாய்

இதை எப்படி எழுத?

காலையில் அம்மா கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எங்கே என்று சொல்லாமல் ஆட்டோ பிடித்துப் போனாள். மத்தியானம் அந்த அதிகாரியே போன் செய்தார். "உங்கம்மா வந்திருந்தாங்க."

என் அம்மா! தட்டைத் தள்ளி வைத்தவள்! இத்தனை நாள் தன் பெட்டியில் வைத்திருந்த கண் ஆஸ்பத்திரிச் சீட்டை அவர் மேசையில் வைத்திருக்கிறாள். பிப்ரவரி 12, காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை, கூட இருந்தவர் என்று என் பெயர். "ரெண்டும் நான் பெத்ததுதான் சார். ஒண்ணு கெட்டுப்போச்சு. இன்னொண்ணையும் நான் கெடுக்க மாட்டேன்" என்றாளாம்.

அம்மா வந்ததும் அவள் காலைக் கட்டிக்கொண்டேன். "விடுடி. அவன் சாப்பிட்டானான்னு போய்ப் பாரு" என்றாள். அழுதால் ஆபரேஷன் செய்த கண்ணுக்கு ஆகாது என்று அதட்டினேன். இரண்டு பேரும் கேட்கவில்லை.

மார்ச் 18, புதன்

தம்பி தானாக அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டான். போவதற்கு முன் போன் செய்தான். "பக்கத்துல நிக்கறேன்னியே... வர்றியா?" போய் நின்றேன். அவன் கையெழுத்துப் போட்டான். தன்னுடையது.

மார்ச் 20, வெள்ளி

வாட்ச்மேன் வேலைக்குத் திரும்பிவிட்டார். மேனேஜர் மேல் தனி விசாரணை. என்னை மறுபடி எடுத்துக்கொண்டார்கள், ஆனால் ஒருவரும் பக்கத்தில் உட்காருவதில்லை. 'அல்லேலூயாக்கா' என்று கூப்பிடக்கூட ஆளில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

தம்பிக்கு ஒரு வருடம் மெக்கானிக் லைசென்ஸ் இல்லை. வழக்கும் நடக்கிறது. ஒரு பட்டறையில் மூட்டை தூக்குகிறான்.

இன்று இருவருமாகத் தையல்காரம்மா வீட்டுக்குப் போனோம். லிஃப்ட் இன்னும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், படியேறினோம். அவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் தைக்காத துணி ஒரு மலை. தம்பி தரையில் உட்கார்ந்து, தான் என்ன செய்தான், என்ன செய்யவில்லை என்று ஒன்றுவிடாமல் சொன்னான். என்னைப் பற்றிச் சொன்ன பொய்யையும் சொன்னான். நான் எதிர்பார்க்கவில்லை.

அந்த அம்மா நீட்டிய காலைத் தடவிக்கொண்டார். பிறகு, "மன்னிச்சுட்டேன்னு இன்னைக்கு என்னால சொல்ல முடியாதுப்பா. வாயில வரல" என்றார். துணி மலையைப் பார்த்தார். "இதெல்லாம் தைக்கறதுக்குக் கீழ இருக்கற கடைக்குப் போகணும். ஒரே நாள்ல முடியாது."

தம்பி இரண்டு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினான். கீழே வந்து மூட்டையை இறக்கி, மூச்சு வாங்கக் கேட்டான்:

"அக்கா, நாளைக்கு எத்தன மணிக்கு வரலாம்?"